மேடில்லாத சாலையில் மிதிப்பவர்களுக்கு: சைக்கிள் ஓட்டத் தொடங்குவோருக்கான குறும் யோகாசனப் பயிற்சிகள்

இராமநாதபுரம் கடற்கரையில் சைக்கிள் ஓட்டுவது சுலபம் என்று வெளியூரார் நினைப்பதற்குக் காரணம், இங்கே ஏறுவதற்கு மேடே இல்லை என்பதுதான். ஓட்டிப் பார்த்தவருக்கு அந்த மேடின்மையே இங்குள்ள சிரமம் என்பது தெரியும். மலைப்பாதையில் ஓட்டுபவர் ஏற்றம் வந்தால் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிக்கிறார், இறக்கம் வந்தால் மிதிப்பதை நிறுத்தி முதுகை நிமிர்த்திக்கொள்கிறார். உச்சிப்புளியிலிருந்து மண்டபம் நோக்கிச் செல்பவருக்கு இந்த இரண்டும் கிடையாது; பாம்பன் சாலைப் பாலத்தின் நடுமேடு வரும்வரை அவர் சீட்டிலிருந்து எழுந்திருக்கக் காரணமே இல்லை. போதாக்குறைக்குக் காற்று வேறு. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று, இராமேசுவரத்திலிருந்து ஊர் திரும்புபவரின் முகத்தில் அடிக்கும். ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வரும் வாடை, இராமேசுவரம் நோக்கிப் போகிறவரைப் பின்னுக்குத் தள்ளும். எதிர்காற்றில் எவரும் தாமாகவே குனிந்துகொள்வார்கள். குனிந்தபடி, உட்கார்ந்தபடி, இரண்டு மூன்று மணி நேரம் ஒரே நிலையில் மிதிப்பதுதான் இந்தக் கடற்கரைச் சாலைகளில் சைக்கிள் ஓட்டுவது என்பதன் பொருள்.

இந்த நிலையில் உடலுக்கு என்ன நேர்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எந்த ஆசனத்தை எதற்காகச் செய்கிறோம் என்பது விளங்கிவிடும். நிமிடத்துக்கு 75 சுற்று என்ற சாதாரண வேகத்தில் மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 4,500 தடவை சுற்றுகிறது. அத்தனை சுற்றுகளில் ஒன்றில்கூட முழங்கால் முழுமையாக நீள்வதில்லை. மிதி அடியில் இருக்கும்போதும் அது 25 முதல் 35 பாகை வரை மடங்கியே இருக்கும், இருக்கவும் வேண்டும். தொடை ஒரு தடவைகூட இடுப்புக்குப் பின்னால் செல்வதில்லை. ஆகவே தொடையின் பின்புறத் தசையும் இடுப்பின் முன்புறத் தசையும் நீளும் சந்தர்ப்பமே இல்லாமல் வேலை செய்கின்றன. முதுகு வளைந்திருக்கிறது, சாலையைப் பார்ப்பதற்காகக் கழுத்து மட்டும் பின்னோக்கி மடிந்திருக்கிறது, உடல் பாரத்தில் ஒரு பங்கை உள்ளங்கைகள் தாங்குகின்றன.

நான் இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் வரையிலான சுமார் 55 கிலோமீட்டரை முதன்முதலாகப் போய்த் திரும்பிய மறுநாள், செருப்பு வாரை மாட்டக் குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது எனக்குத் தோன்றிய வைத்தியம், நின்றபடி குனிந்து கால்விரலைத் தொடுவதைத் தினமும் இருபது தடவை செய்வது. ஒரு வாரத்தில் வலி கூடியது. சைக்கிளின் மேல் மணிக்கணக்கில் செய்த அதே குனிதலைத் தரையிலும் செய்துகொண்டிருந்தேன் என்பது புரியச் சில மாதங்கள் ஆயின. சைக்கிள் எதை மடித்ததோ அதை விரிப்பதும், எதைப் பிடித்து வைத்ததோ அதை அவிழ்ப்பதும்தான் இங்கே நாம் செய்யப்போவது. கால்விரலைத் தொடுவது இதில் எங்கும் வராது.

பாயை விரிப்பதற்கு முன் சீட்டைப் பாருங்கள்

தவறான உயரத்தில் இருக்கும் சீட்டை எந்த ஆசனமும் சரிசெய்யாது. சுவரோரம் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, குதிகாலை மிதியின் மேல் வைத்து, மிதியை அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த நிலையில் முழங்கால் நேராகி, இடுப்பு ஒரு பக்கமாகச் சாயாமல் இருந்தால் உயரம் ஏறக்குறைய சரி. பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது தேவையான மடிப்பு தானாக வந்துவிடும். பொதுவாக முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறது என்றும், பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கிறது என்றும் கொள்ளலாம். தொடை இடுக்கில் மரத்துப்போவது சீட்டின் மூக்கு மேல்நோக்கி நிற்பதால் இருக்கலாம், அதையும் பாருங்கள். நேரான கைப்பிடியுள்ள பழைய நாட்டு சைக்கிளில் கழுத்தும் மணிக்கட்டும் அவ்வளவாக வலிப்பதில்லை, கீழ்முதுகுதான் அடி வாங்கும். தாழ்ந்த ஹேண்டில்பார் உள்ள கியர் சைக்கிளில் கழுத்து, தோள், மணிக்கட்டு மூன்றும் சேர்ந்துகொள்ளும். உங்களுடையது எது என்பதைப் பொறுத்துக் கீழ்வரும் பயிற்சிகளில் எதற்குக் கூடுதல் நேரம் தருவது என்று முடிவு செய்துகொள்ளலாம்.

கிளம்பும் முன்: ஐந்து நிமிடம், அசைவு மட்டும்

விடியற்காலை ஐந்து மணிக்கு உடல் குளிர்ந்து இறுகியிருக்கும். அப்போது ஒரு தசையை இழுத்து நெடுநேரம் பிடித்து வைப்பது கூடாது. குளிர்ந்த தசை அதற்கு இணங்காது என்பது ஒரு காரணம். ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கும் மேல் இழுத்துப் பிடித்தால் சிறிது நேரத்துக்கு அதன் வலிமை சற்றுக் குறையும் என்பது மற்றொன்று. எனவே கிளம்பும் முன் செய்வன எல்லாம் அசைவுகளாகவே இருக்கட்டும்.

சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, தாடாசனத்தில் நில்லுங்கள். பாதங்கள் இணையாக, உடல் பாரம் இரு கால்களிலும் சமமாக இருக்க, மூச்சை இழுத்துக்கொண்டே கைகளைத் தலைக்கு மேல் உயர்த்திக் குதிகாலையும் தூக்குங்கள்; விட்டுக்கொண்டே இறக்குங்கள். இதை எட்டுத் தடவை செய்யலாம். அடுத்து, சுவரையோ வாசல் தூணையோ ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு காலை முன்னும் பின்னுமாக ஊஞ்சல் போலப் பத்துத் தடவை வீசி, காலை மாற்றுங்கள். பின்னால் வீசும்போது முதுகு வளையாமல் இருக்கட்டும். எவ்வளவு உயரம் என்பது முக்கியமல்ல. பிறகு கைகளை இடுப்பில் வைத்து, இடுப்பை இரு திசையிலும் ஐந்தைந்து வட்டம் சுழற்றுங்கள். தோள்களைக் காதுவரை தூக்கிப் பின்னால் உருட்டி இறக்குவதைப் பத்துத் தடவை செய்துவிட்டுக் கிளம்பலாம். முதல் மூன்று நான்கு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுவது இந்தப் பயிற்சியின் கடைசிப் பகுதி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில்: இரண்டு நிமிடம்

முக்கால் மணிக்கு ஒரு தடவை இறங்குவது நல்லது. எங்கே இறங்குவது என்பதை முன்பே நினைத்து வையுங்கள். பாம்பன் பாலத்தின் மேல் கடலைப் பார்த்தபடி முதுகை வளைக்க எவருக்கும் ஆசை வரும். ஆனால் சுமார் 2.3 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில் சுற்றுலா வண்டிகளும் பக்கக் காற்றும் ஒன்றாக வரும் என்பதால், மண்டபம் பக்கத்துத் தேநீர்க்கடையிலேயே அதை முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். தனுஷ்கோடிப் பக்கம் போகிறவர்கள், 2017இல் திறக்கப்பட்ட முகுந்தராயர் சத்திரம் - அரிச்சல்முனைச் சாலையின் ஒன்பதரைக் கிலோமீட்டரில் ஒதுங்க நிழல் கிடைக்காது என்பதை மனத்தில் கொண்டு, அதற்கு முன்னரே ஒரு தடவையும் அரிச்சல்முனையில் திரும்பும் முன் ஒரு தடவையும் இறங்கலாம்.

இறங்கியதும் முதலில் செய்யவேண்டியது பின்வளைவு. இரு உள்ளங்கைகளையும் கீழ்முதுகில் வைத்து, விரல்கள் கீழ்நோக்கி இருக்க, பிட்டத்தை இறுக்கி, நெஞ்சை மேலே தூக்குங்கள். தலையைப் பின்னால் தொங்கவிட வேண்டாம். கழுத்து ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் மடிந்திருந்தது. மூன்று மூச்சு போதும். அடுத்து, மோவாயை நெஞ்சை நோக்கி மெல்ல இறக்கி இரண்டு மூச்சு இருந்தால் பின்கழுத்து இளகும். மூன்றாவது கெண்டைக்காலுக்கானது: ஒரு சுவரிலோ பனையிலோ இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தரையில் அழுத்தி நில்லுங்கள். பனையில் ஊன்றுவதானால் கையுறையைக் கழற்ற வேண்டாம், அதன் சொரசொரப்பு உள்ளங்கையை விடாது. கடைசியாக, கையை முன்னே நீட்டி, உள்ளங்கை எதிரே பார்க்க, மறுகையால் விரல்களை உங்களை நோக்கி மெல்ல இழுங்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போவது புதிதாக ஓட்டுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை. உள்ளங்கையின் அடிப்புறத்தில் ஓடும் நரம்பை ஹேண்டில்பார் அழுத்துவதால் வருவது அது. கைபிடிக்கும் இடத்தைச் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை மாற்றுவதும் மணிக்கட்டை மடிக்காமல் நேராக வைப்பதும்தான் அதற்கு முதல் மருந்து, இந்த நீட்டல் துணை மருந்து. மறுநாளும் மரப்பு போகவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீடு திரும்பிய பின்: பதினைந்து முதல் இருபது நிமிடம்

உடல் நெகிழ்வைக் கூட்டுவது இந்தப் பகுதிதான். முந்தைய இரண்டையும் ஒருநாள் விட்டாலும் இதை விடாதீர்கள். வந்தவுடன் படுத்துவிடாமல், தண்ணீரோ உப்புப் போட்ட மோரோ குடித்துவிட்டுப் பத்து நிமிடம் நடமாடுங்கள். மூச்சு அடங்கிய பிறகு, தசை இன்னும் சூடாக இருக்கும்போதே தொடங்குங்கள். இடத்தைப் பொறுத்தவரை, மழமழப்பான சிமெண்ட் தரையில் கோரைப்பாய் வழுக்கும். நின்று செய்யும் ஆசனங்களுக்கு வெறுந்தரையும், மண்டியிடுவதற்கும் படுப்பதற்கும் பாயும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கடற்கரை மணல் பார்க்க அழகாக இருந்தாலும் உலர்ந்த மணலில் மணிக்கட்டு புதைந்து மடங்கும், அலை நனைத்த கெட்டி மணல் பரவாயில்லை. காட்டோரத்தில் மண்டியிடுவதற்கு முன் சீமைக்கருவேல முள் கிடக்கிறதா என்று பார்ப்பது அவசியம். டயரைக் குத்தும் முள் முழங்காலையும் குத்தும். பெல்ட்டுக்குப் பதிலாக முறுக்கிய பழைய கைலி ஒன்றும், முழங்காலுக்கு அடியில் வைக்க மடித்த துண்டு ஒன்றும் போதும்.

முதலில் மார்ஜாரி ஆசனம், அதாவது பூனை நிலை. கைகளும் முழங்கால்களும் தரையில் ஊன்றியிருக்க, மூச்சை இழுக்கும்போது வயிற்றைத் தாழ்த்தி நெஞ்சை விரித்தும், விடும்போது முதுகைக் கூன்போலத் தூக்கியும் எட்டுத் தடவை செய்யுங்கள். முதுகெலும்பு மூன்று மணி நேரம் மறந்திருந்த அசைவை இது நினைவூட்டும்.

இரண்டாவதாக வருவது ஆஞ்சநேயாசனம். ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள் என்று சொல்லும் அளவுக்கு இதற்கு முதலிடம் தருவேன். காரணம் இதுதான்: கீழ்முதுகு முள்ளெலும்புகளின் பக்கத்தில் தொடங்கி, அடிவயிற்றின் உள்ளே இறங்கி, தொடையெலும்பின் மேல்முனையில் போய்ச் சேரும் ஒரு தசைதான் ஒவ்வொரு சுற்றிலும் முழங்காலை மேலே தூக்க உதவுகிறது. அது சுருங்கியபடியே இருந்து பழகிவிட்டால், எழுந்து நிற்கும்போது கீழ்முதுகை முன்னால் இழுக்கக்கூடும். நம் ஊரில் "இடுப்பு பிடிச்சிருச்சு" என்று சொல்லிக் கீழ்முதுகில் தைலம் தேய்க்கிறோம். இறுக்கம் பல சமயம் முன்பக்கத்தில் இருக்கிறது.

செய்யும் முறை: மண்டியிட்ட நிலையிலிருந்து வலது பாதத்தை முன்னே வைத்து, முழங்கால் கணுக்காலுக்கு நேர்மேலே இருக்கும்படி நில்லுங்கள். பின்னால் இருக்கும் இடது முழங்காலுக்கு அடியில் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இடுப்பை முன்னால் தள்ளுவதற்கு முன், இடது பிட்டத்தை இறுக்கி, வால் எலும்பைக் கீழ்நோக்கி உள்ளே இழுங்கள். இதைச் செய்த உடனே இடது தொடையின் மேற்பகுதியில், தொடை இடுக்கை ஒட்டி ஓர் இழுப்புத் தெரியும். தெரிந்த பிறகே உடலை ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ முன்னால் நகர்த்துங்கள். இந்த முதல் படியை விட்டுவிட்டு நேரே முன்னால் சாய்கிறவர்களுக்குக் கீழ்முதுகுதான் வளையும், தசை நீளாது. ஆசனம் ஆழமாக இருப்பதுபோல் வெளியே தெரியும், அவ்வளவுதான். ஐந்து நிதான மூச்சு இருந்துவிட்டுக் காலை மாற்றுங்கள். இரு பக்கமும் இரண்டு தடவை செய்யலாம். ஒரு பக்கம் மற்றதைவிட இறுகியிருப்பது இயல்பு. அந்தப் பக்கத்துக்கு இன்னும் ஒரு தடவை கொடுங்கள்.

அடுத்து அதோமுக சுவானாசனம். பூனை நிலையிலிருந்து கால்விரல்களை ஊன்றி இடுப்பை மேலே தூக்குங்கள். குதிகால் தரையில் படவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புதியவர்கள் முழங்காலை நன்றாகவே மடித்துக்கொண்டு, முதலில் முதுகை நேராக்குவதில் கவனம் வைக்கட்டும். பிறகு ஒரு முழங்காலை நீட்டி மற்றதை மடித்து, நடப்பதுபோல மாற்றி மாற்றிச் செய்தால் கெண்டைக்காலும் பின்தொடையும் ஒன்றாக இளகும். மணிக்கட்டு வலிப்பவர்கள் கைகளை ஒரு திண்ணையின் மேல் ஊன்றி இதையே செய்யலாம்.

பிறகு குப்புறப் படுத்துப் புஜங்காசனம். உள்ளங்கைகளை விலாவின் பக்கம் வைத்து, முழங்கைகள் மடங்கியே இருக்க, முதுகுத் தசையின் பலத்தால் நெஞ்சை மட்டும் தூக்குங்கள். கையை நீட்டி உடலை உயரமாகத் தள்ளுவது வேண்டாம். படங்களில் காட்டுவதுபோலத் தலையைப் பின்னால் சாய்ப்பதும் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு வேண்டாம். பார்வை தரையில் இரண்டடி தூரத்தில் இருக்கட்டும். மூன்று மூச்சு வீதம் மூன்று தடவை போதும்.

இனி மல்லாந்து படுக்கலாம். முழங்கால்களை மடித்து, பாதங்களை ஊன்றி, இடுப்பைத் தூக்குவது சேதுபந்தாசனம். சேது என்றால் பாலம்; சேதுக்கரையும் சேதுபதிகளும் இருந்த மண்ணில் இந்தப் பெயருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இடுப்பின் முன்பக்கத்தை விரிப்பதோடு, மிதிக்கும்போது சோம்பிவிடும் பிட்டத் தசையை இது வேலை வாங்கும். முழங்கால்கள் வெளிப்பக்கம் விரிந்துவிடாமல் பார்த்துக்கொண்டு, ஐந்து மூச்சு வீதம் இரண்டு தடவை செய்யுங்கள்.

அதே படுக்கையில் வலது கணுக்காலை இடது முழங்காலுக்குச் சற்று மேலே, தொடையின் மீது குறுக்காக வைத்து, இடது தொடையை இரு கைகளாலும் நெஞ்சை நோக்கி இழுத்தால் வலது பிட்டத்தின் ஆழத்தில் இழுப்புத் தெரியும். உட்கார்ந்து செய்யும் புறா நிலையை முதல் நாளே முயன்று முழங்காலைத் திருகிக்கொள்கிறவர்கள் உண்டு. படுத்துச் செய்யும் இந்த வடிவம் அதே பலனை ஆபத்தில்லாமல் தரும். பக்கத்துக்கு ஐந்து மூச்சு.

பின்தொடைக்கு சுப்த பாதாங்குஷ்டாசனம். கைலியை ஒரு பாதத்தில் மாட்டி, அந்தக் காலை மேலே நீட்டுங்கள். மறுகால் மடங்கியிருக்கலாம். முழங்கால் லேசாக மடங்கியிருந்தாலும் குற்றமில்லை. பிட்டம் தரையை விட்டு எழும்பாமல் இருப்பதுதான் அடையாளம். நின்று குனிவதைவிட இது நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம், இங்கே முதுகைத் தரை தாங்கிக்கொள்வதால் இழுப்புத் தொடையில் மட்டுமே விழுகிறது. ஆறேழு மூச்சு வீதம் இரண்டு தடவை செய்துவிட்டு, இரு முழங்கால்களையும் ஒருபக்கமாகச் சாய்த்துத் தலையை மறுபக்கம் திருப்பி நான்கு மூச்சு, பின் மறுபக்கம் நான்கு மூச்சு. அதன் பிறகு அசையாமல் மல்லாந்து கிடக்கும் சவாசனத்தில் மூன்று நிமிடம். கொசு விடாது என்பது மொட்டை மாடியில் செய்கிறவர்களின் நியாயமான புகார். உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு இழுப்பது, எப்போது நிறுத்துவது

பதஞ்சலி முனிவரின் சமாதி இராமேசுவரம் கோயிலுக்குள் இருப்பதாக இந்தப் பகுதியில் நம்பிக்கை உண்டு. ஆசனத்துக்கு அவர் சொல்லும் அடையாளங்கள் இரண்டுதான்: நிலையாக இருக்க வேண்டும், சுகமாக இருக்க வேண்டும். இழுப்பு தாங்கக்கூடியதாகவும், மூச்சு தடைபடாமலும், நிலையை விட்டு வெளியே வந்ததும் மறைந்துவிடுவதாகவும் இருந்தால் சரியான அளவில் இருக்கிறீர்கள். குத்தும் வலி, காலில் மின்சாரம்போல இறங்கும் வலி, மூட்டின் உள்ளே தெரியும் வலி ஆகிய மூன்றில் எது வந்தாலும் அந்த ஆசனத்தை அன்றே நிறுத்திவிடுங்கள். இழுத்த நிலையில் குலுக்கிக் குலுக்கி இன்னும் கொஞ்சம் போக முயல்வது பலருடைய பழக்கம், அதையும் விட்டுவிட வேண்டும்.

கட்டுப்படாத இரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ உள்ளவர்கள் தலை கீழே போகும் அதோமுக சுவானாசனத்தைத் தவிர்க்க வேண்டும். குடலிறக்கம் உள்ளவர்களும் அண்மையில் வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் புஜங்காசனம் செய்யலாகாது. முதுகுத் தட்டு விலகியவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்ட பிறகே இவற்றுள் எதையும் தொடங்கலாம்.

வாரத்துக்கு மூன்று நாளாவது வீடு திரும்பிய பின் செய்யும் பயிற்சியைச் செய்தால்தான் மாற்றம் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் செய்வதைவிடத் திங்கள், புதன், வெள்ளி என்று கால் மணி நேரம் செய்வது நல்லது, சைக்கிள் எடுக்காத நாளிலும் செய்யலாம். அன்று முதலில் ஐந்து நிமிடம் நடந்து உடலைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். முன்னேற்றத்தை அளக்க ஒரு வழி: கைலியைப் பாதத்தில் மாட்டிய நிலையில் முழங்கால் மடங்காமல் கால் எந்த உயரத்துக்கு எழுகிறது என்பதை, எதிர்ச் சுவரில் தெரியும் சுவிட்சையோ ஜன்னல் விளிம்பையோ அடையாளம் வைத்து மாதம் ஒரு தடவை பாருங்கள். இரண்டு மாதத்தில் உடல் நன்றாக இளகியிருந்தால், எதிர்காற்றுக்கு வசதியாக ஹேண்டில்பாரைச் சற்றுத் தாழ்த்திக்கொள்ளும் ஆசை வரும். தாழ்த்தலாம், ஆனால் ஒரு தடவைக்கு அரை விரற்கடைக்கு மேல் வேண்டாம், அடுத்த தடவைக்கு முன் பாம்பன் வரை இரண்டு தடவையாவது ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.